பிள்ளை யாரைப் பார்த்து உட்கார வேண்டும், நம்மையா தெருவையா?

தங்கச்சிக்கு ஐப்பசியில் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். போன வாரம் தொண்டியிலிருந்து போன் செய்தவள், மற்றதெல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளுகிற வண்டியைப் பற்றிக் கேட்டாள். "அக்கா, வண்டி எதுன்னு நீயே சொல்லிரு. பிள்ள நம்மளப் பாத்து உக்கார்றதா, ரோட்டப் பாத்து உக்கார்றதா?"

நான் இரண்டையும் தள்ளிப் பார்த்தவள். என் மகளுக்கு இப்போது இரண்டரை வயது. முதல் வண்டி கொழுந்தன் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. பிள்ளை வெளியே பார்த்து மட்டுமே உட்கார முடியும். இரண்டாவது, நாங்கள் வாங்கியது. இரண்டு பக்கமும் திருப்பலாம். மண்டபத்துத் தெருக்கள், பாம்பன், ராமேஸ்வரம் ரத வீதி, தனுஷ்கோடி ரோடு என்று இரண்டையும் தள்ளிக்கொண்டு அலைந்திருக்கிறேன். போனில் இரண்டு வரியில் சொல்லிவிட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். கடையில் ஸ்ட்ரோலர் என்றும் பிராம் என்றும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது வண்டிதான்.

முதலில் இடுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நம் ஊரில் பிள்ளை வெளியுலகத்தைப் பார்க்கத் தொடங்குவது இடுப்பில் உட்கார்ந்துதான். அப்பத்தா என் மகளை இடுக்கிக்கொண்டு போகும்போது பார்த்திருக்கிறேன். பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். தலையை இந்தப் பக்கம் திருப்பினால் ஆடு, மாடு, மீன்கூடை. அந்தப் பக்கம் திருப்பினால் அப்பத்தாவின் முகம். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூடக் கிடையாது. பிள்ளைக்கு எது எப்போது வேண்டுமோ, அதைத் தானே எடுத்துக்கொள்ளும். வண்டி அந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. முகம் வேண்டுமென்றால் தெரு போய்விடும், தெரு வேண்டுமென்றால் முகம் போய்விடும். இந்த வயதில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

வெளியே பார்க்கிற வண்டி எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டபோது எனக்குப் பாதித் தெளிவு வந்தது. பழைய காலத்துப் பெரிய பிராம்களில் பிள்ளை படுத்துக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ தள்ளுகிறவரைப் பார்த்தபடிதான் போகும். 1889-லேயே அமெரிக்காவில் வில்லியம் ரிச்சர்ட்சன் என்பவர் இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய வண்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1965-ல் இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன், குடை மாதிரி மடிக்கிற வண்டியைச் செய்தார். அவர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர். மாஸ்கோவிலிருந்து மகள் குழந்தையோடும் கனமான வண்டியோடும் வந்து சிரமப்பட்டதைப் பார்த்து இதில் இறங்கினார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு கையால் மடிக்கலாம், பஸ்ஸில் ஏற்றலாம். அந்த எளிமைக்குப் பிள்ளை முன்பக்கம் பார்த்து உட்கார வேண்டியிருந்தது. உலகம் முழுக்க அந்த வடிவம் பரவியது. ஆக, பிள்ளைக்கு இதுதான் நல்லது என்று யாரும் யோசித்துத் திருப்பியதாகத் தெரியவில்லை. மடிப்பதற்கு வசதியாக வந்த பக்கம் அது. இதைத் தெரிந்துகொள்ளும்வரை, எல்லா வண்டியும் வெளியேதானே பார்க்கிறது, காரணம் இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பிள்ளைகளை வைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் சுசான் ஸீடிக் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிரிட்டன் தெருக்களில் 2,700-க்கும் மேற்பட்ட பெற்றோர்-பிள்ளை ஜோடிகளைக் கவனித்துக் குறித்தார்கள். பிள்ளை தங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது பெற்றோர் அதிகமாகப் பேசினார்கள். அப்புறம் 20 குழந்தைகளை மட்டும் எடுத்து, நடையில் பாதி தூரம் ஒரு பக்கம், மீதி தூரம் மறுபக்கம் என்று உட்கார வைத்துப் பார்த்தார்கள். முகம் பார்த்த பாதியில் அம்மாக்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு பேசினார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பாதியில் சிரித்தார்கள். வெளியே பார்த்த பாதியில் சிரித்தது ஒரே ஒரு பிள்ளை. தூங்கியதும் முகம் பார்த்தபோதுதான் அதிகம். 20 பிள்ளைகள் என்பது சின்னக் கணக்குதான். இதை வைத்துக்கொண்டு வெளியே பார்த்து உட்கார்ந்த பிள்ளை பேசத் தாமதமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அம்மா பேசுவது இரண்டு மடங்காகிறது என்பதை என் வாயாலேயே சோதித்துப் பார்த்துவிட்டேன். முதல் வண்டியோடு பாம்பன் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் வழியில் நான் பேசியது போனில்தான். வண்டியைத் திருப்பிய பிறகு, அவள் கண் எங்கே போகிறதோ அங்கே என் பேச்சும் போனது. "ஆமா, மாடுதான். வாலப் பாரு" என்று சொல்ல, முதலில் அவள் மாட்டைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டுமே.

தனுஷ்கோடி ரோடு முடிகிற அரிச்சல்முனையில் நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும். ஆடி மாதம், அவளுக்கு ஏழு மாதம். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களோடு தனுஷ்கோடி போனோம். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற பருவத்தில் அந்த ரோடு எப்படியிருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். மணல் புகை மாதிரி தார்ச்சாலையைக் குறுக்கே கடந்துகொண்டே இருக்கும். நாங்கள் வந்த வண்டியை விட்டு இறங்கி, அவளை ஸ்ட்ரோலரில் உட்கார வைத்துத் தூண் இருக்கிற பக்கமாகத் தள்ளிக்கொண்டு நடந்தேன். என் வீட்டுக்காரருக்கு மகள் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. "புள்ள ரெண்டு கடலையும் பாக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்தது வண்டியின் குடையும் அவளுடைய தொப்பியின் உச்சியும்தான். கொஞ்ச தூரம் போனதும், எதிரே வந்த ஒரு பாட்டி ஓடிவந்து வண்டியைப் பிடித்தார். "ஏம்மா, பிள்ள கண்ணக் கசக்கி அழுவுதே, பாக்கலையா?" குனிந்து பார்த்தால் கண் இமை முழுக்க மணல், முகம் சிவந்து, வாய் திறந்து அழுதுகொண்டிருக்கிறாள். காற்று இரைச்சலில் எனக்கு அழுகை கேட்கவே இல்லை. எவ்வளவு நேரமாக அழுதாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குடிக்கிற தண்ணீரை விட்டுக் கண்ணைக் கழுவினோம், சரியாகிவிட்டது. ஆனால் கையெட்டும் தூரத்தில் பிள்ளை அழுது, அது எனக்குத் தெரியாமல் போனது என் மனதிலிருந்து போகவில்லை. அன்று இரவு அப்பத்தா சொன்னது இதுதான்: "ஏத்தா, பிள்ளைய முன்னால விட்டுட்டு நீ பின்னால போனா, அது யாரப் பாத்து அழும், யாரப் பாத்துச் சிரிக்கும்?" அடுத்த வாரமே இரண்டாவது வண்டி வந்தது.

ஏழு, எட்டு மாதம் என்பது பிள்ளை வேற்றுமுகம் பார்க்கிற பருவம். அதுவரை யார் தூக்கினாலும் போன பிள்ளை, தெரியாதவர் கை நீட்டினால் அழும். ராமேஸ்வரம் ரத வீதியில் வெளியே பார்த்து உட்கார்ந்த பிள்ளைக்கு எத்தனை தெரியாத முகங்கள்! நம் ஆட்கள் அன்பானவர்கள், கன்னத்தைக் கிள்ளாமல் தாண்ட மாட்டார்கள். பிள்ளை மிரண்டு திரும்பினால் பின்னால் இருப்பது சீட்டுத் துணி. பெரியவர்களே புது இடத்தில் கூட வந்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தைரியம் கொள்கிறோம். பிள்ளைகள் இதை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்பதற்கு 1985-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சோதனை உண்டு. ஒரு வயதுப் பிள்ளைகளைக் கண்ணாடி போட்ட மேசையில் விட்டார்கள். கண்ணாடிக்குக் கீழே சின்னப் பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். அம்மா எதிர்ப்பக்கம் நிற்பார். அம்மா சிரித்த முகமாக நின்றபோது 19 பேரில் 14 பிள்ளைகள் தவழ்ந்து கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. லாரி ஹாரன் அடிக்கிறது, நாய் குரைக்கிறது, கோயில் மேளம் திடீரென்று முழங்குகிறது. நம் முகம் சாதாரணமாக இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைக்கு அதுவும் சாதாரணமாகிவிடும். அதற்கு முகம் தெரிய வேண்டும்.

நம்மைப் பார்த்து உட்கார்ந்தால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள். அது சரியில்லை. இரண்டு பக்கமும் தெரியும், நாம் தாண்டி வந்ததெல்லாம் மெதுவாகச் சின்னதாகிப் போவது தெரியும். ரயிலில் எதிர்ப்பக்க சீட்டில் உட்கார்ந்தால் நமக்குத் தெரிவதுபோல. அதிலும் ஒரு பொருள் திடீரென்று முகத்தில் வந்து மோதுவதுபோல வராது.

ஆனால் பிள்ளை கடலைப் பார்க்கட்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதை நான் பிறகுதான் ஒத்துக்கொண்டேன். பத்து மாதம் தாண்டியதும் மகள் வண்டியில் உடம்பை முறுக்கித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு வயது நெருங்கும்போது விரல் நீட்டினாள். மண்டபத்தில் படகுகள் கட்டியிருக்கிற பக்கம் போனால் "ஆ, ஆ" என்று காட்டுவாள், காட்டிவிட்டு என்னைப் பார்ப்பாள். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் இதையெல்லாம் எப்படித்தான் கவனித்தார்களோ என்று அப்போது நினைத்துக்கொண்டேன். செங்கீரை, சப்பாணி, முத்தம், வருகை என்ற பருவங்கள் வரைக்கும் தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவது அம்புலி. தாயும் பிள்ளையும் சேர்ந்து நிலாவைப் பார்க்கிறார்கள். வெளியே பார்க்கிற வண்டிக்கான வயது அம்புலியோடு தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வயதில் பிள்ளை விரலால் காட்டும், சத்தம் போடும், வேண்டுமென்றால் திரும்பிக் கூப்பிடும். முகம் தெரியாவிட்டாலும் பேச்சு நடக்கும். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு, ரயில் கடலுக்கு மேலே போவதைப் பார்க்க அவளை அடிக்கடி கூட்டிப்போனோம். அப்போது அவளை என் பக்கம் திருப்பி வைத்திருந்தால் அது அநியாயம்.

இன்னொன்றும் வெளியே பார்க்கிற பக்கத்துக்குச் சாதகம். நம்மைப் பார்த்து உட்காரும்போது சீட்டின் முதுகு முன்காற்றை மறைத்துவிடும். சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாத மதியத்தில் அவள் முதுகு நனைந்துபோகும். வெளியே திருப்பினால் நடக்கிற வேகத்துக்காவது கொஞ்சம் காற்று முகத்தில் படும். வெயிலுக்குப் பயந்து துப்பட்டாவை வண்டி மேலே போர்த்திவிடுகிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். உலர்ந்த துணியைப் போர்த்தினால் உள்ளே சூடு ஏறுகிறது என்று சிட்னி பல்கலைக்கழகத்தார் 2023-ல் அளந்து காட்டினார்கள். ஈரத் துணி சூட்டைக் குறைத்ததாகவும் சொன்னார்கள். ஆனால் நம் கடற்கரைக் காற்றிலேயே ஈரம் மிகுதி, துணி அவ்வளவு சீக்கிரம் காயாது, அதனால் சூடும் அவ்வளவு குறையாது. பத்து மணிக்கு மேல் நாலு மணி வரைக்கும் வண்டியை வெளியே எடுக்காமல் இருப்பதுதான் எங்கள் வழி.

அப்புறம், இந்தக் கரையில் திசையை முடிவு செய்வது பல நேரம் வயதுகூட இல்லை, காற்றும் வெயிலும்தான். ராமேஸ்வரம் தீவு கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. சாயங்காலம் பாம்பன் பக்கமாக நடந்தால் சூரியன் நேராக முகத்தில். வெளியே பார்த்த பிள்ளைக்குக் கண் கூசும், திருப்பினால் முதுகில் படும். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். கச்சானுக்கு ஒரு பக்கம், வாடைக்கு ஒரு பக்கம். ஒரே நடையில் இரண்டு முறை, மூன்று முறை திருப்பியிருக்கிறேன். திருப்ப முடியாத வண்டி என்றால் பிள்ளைதான் அதைத் தாங்க வேண்டும்.

திருப்புகிற வண்டியிலும் இரண்டு வகை உண்டு, இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஒன்று, சீட்டைக் கழற்றித் திருப்பி மாட்டுவது. விலை அதிகம், கனமும் அதிகம், மடித்தால் ஆட்டோவில் ஒரு ஆள் இடத்தை அடைக்கும். திருப்புவதற்குப் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையை எடுத்து, கச்சானில் நின்றுகொண்டு சீட்டை மாட்டிப் பாருங்கள். மற்றது, கைப்பிடியை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கவிழ்ப்பது. இது விலை குறைவு. பிள்ளை உட்கார்ந்தபடியே இருக்க, ஒரு நொடியில் திசை மாறிவிடும். எங்களுடையது இதுதான். இதில் ஒரு குறை உண்டு. சுழலுகிற சின்னச் சக்கரம் முன்னால் இருக்கும்படி வண்டியைச் செய்திருப்பார்கள். கைப்பிடியைக் கவிழ்த்ததும் அந்தச் சக்கரம் நம் காலடிக்கு வந்துவிடும், சுழலாத சக்கரம் முன்னால் போய்விடும். திருப்பத்தில் வண்டி முரண்டு பிடிக்கும், குழியில் மாட்டும். நாலு சக்கரமும் சுழலக்கூடியதாக, வேண்டாத பக்கத்தைப் பூட்டிக்கொள்ளும்படியாக இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. கடையில் ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்து, கைப்பிடியை நம்மைப் பார்க்கிற பக்கம் கவிழ்த்து, வாசல்படி ஏற்றி இறக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். வெறும் வண்டி எல்லாக் கடைத் தளத்திலும் வழுக்கிக்கொண்டு போகும்.

தங்கச்சிக்கு பஸ் ஒரு பிரச்சினை. தொண்டியிலிருந்து ராமநாதபுரத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டுமென்றால் தேவிபட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பஸ்தான். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் வண்டி. அங்கே குடை மாதிரி மடிகிற லேசான வண்டிக்கு ஈடு கிடையாது, அது வெளியேதான் பார்க்கும். பஸ்தான் வாழ்க்கை என்று இருப்பவர்கள் அதை வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். குடையின் மேலே சின்ன ஜன்னல் வைத்த வண்டியாகப் பாருங்கள், உச்சந்தலையாவது தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். காற்று அடிக்கிற நாளில் வண்டியே வேண்டாம், தூக்கிக்கொள்ளுங்கள். மணலில் அந்தச் சின்னச் சக்கரம் எப்படியும் உருளாது. அரியமான் கடற்கரைக்குப் போனாலும் சரி, தனுஷ்கோடி போனாலும் சரி, ரோடு முடிகிற இடத்தில் வண்டி முடிந்தது.

எந்தப் பக்கம் பார்த்தாலும் மாறாத சில விஷயங்கள். கழுத்து நின்று, பிள்ளை தானே உட்காரப் பழகும்வரை சாய்த்து உட்கார வைக்கக் கூடாது, தட்டையாகப் படுக்கிற சீட்டு வேண்டும். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, காலிடை என்று ஐந்து இடத்தில் மாட்டுகிற பெல்ட் இருக்க வேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பையைத் தொங்கவிடாதீர்கள், பிள்ளையைத் தூக்கியதும் வண்டி பின்பக்கம் சாயும். படகுத்துறைப் பக்கம் நின்றால் பிரேக் போட்ட பிறகும் கையை எடுக்காதீர்கள், பாம்பன் காற்றுக்குக் காலி வண்டி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ரோட்டைக் கடக்கும்போது நமக்கு முன்னால் பிள்ளைதான் ரோட்டில் இறங்குகிறது. வெளியே பார்த்த பிள்ளையின் முகம் பைக் சைலன்சர் உயரத்தில் முதல் ஆளாக நிற்கும். சிக்னலே இல்லாத நம் ஊரில் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் நான் இறக்குவேன்.

உப்புக்காற்று பற்றியும் சொல்லிவிடுகிறேன். துபாய் வண்டியின் ஸ்பிரிங்கும் மடிக்கிற கொக்கியும் ஒரே வருடத்தில் துருப்பிடித்து இறுகிவிட்டன. புது வண்டியைக் கடற்கரை போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, சக்கரத்து அச்சில் மணலைத் தட்டி, நிழலில் காயவைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுகிறோம். இரண்டு வருடமாகக் கைப்பிடி சத்தமில்லாமல் கவிழ்கிறது.

நேற்று தங்கச்சியிடம் பேசிவிட்டேன். கைப்பிடி கவிழ்கிற வண்டி, நாலு சக்கரமும் சுழல்வது, படுக்கிற சீட்டு. ஒரு வயது வரைக்கும் அவளைப் பார்த்து, அதற்குப் பிறகு பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பிக்கிற அன்றைக்கு வெளியே. பஸ்ஸுக்கு என் பழைய துபாய் வண்டியைத் துருவெடுத்துத் தருகிறேன் என்றேன். உடனே வாங்கிவிடலாமா என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா போனை வாங்கிக்கொண்டார். "பிள்ள பொறக்கறதுக்கு முன்னால ஒண்ணும் வாங்கப்படாது. மூணு மாசத்துக்கு மடிதான் வண்டி." அதிலும் ஒரு விவரம் இருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம்தான் தெளிவாகத் தெரியும். வண்டி சீட்டிலிருந்து நம் முகம் அதைவிட எட்ட. மடியிலிருந்து பார்த்தால் சரியான தூரம். அதனால் தை மாதம் வாங்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. ராமநாதபுரத்தில் கடைக்கு நானும் போகிறேன், அரிசிப் பையோடு.